ரேடியோ மாற்றும்போது தகடு வேலை ஒரு நாளில் முடியுமா?

6 ஜனவரி 2024 – கேள்வி

செஸ்னா 172, சிறு விமானம். பழைய ஜிஎன்எஸ் 430 வழிகாட்டி ரேடியோவைக் கழற்றிவிட்டு ஜிடிஎன் 650 எக்ஸ்ஐ. வேக்யூம் கருவிகள் (காற்றிழுப்பில் ஓடும் பழைய கருவிகள்) இரண்டின் இடத்தில் ஜி5 மின்னணுத் திரை இரண்டு. கூரையில் புது ஜிபிஎஸ் ஆன்டெனா, இறக்கையில் ஜிஎம்யூ 11 காந்தமானி. 430-உம் 650-உம் ஒரே உயரம், ஒரே அகலம். ஜி5 பழைய ஓட்டையிலேயே உட்காரும். அதனால் தகடு வேலைக்கு ஒரு நாள், வயரிங்குக்கு எட்டு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரியாக வருமா அண்ணா?

6 ஜனவரி, இரவு

வராது தம்பி. முகம் ஒரே அளவு என்பது சரி: அகலம் 6.25 அங்குலம், உயரம் 2.65. ஆனால் 650 பழைய 430-இன் டிரேயில் (ரேடியோவைச் செருகும் உலோகக் கூட்டில்) நுழையாது. அதன் டிரே வேறு, பின்பக்கக் கனெக்டர் வேறு. டிரே மாறினால் பக்கவாட்டுத் திருகுத் துளைகளின் இடமும் மாறும். அந்தத் துளைகள் மாறினால் டிரேயைப் பிடிக்கும் ரெயில் மாறும். ரெயிலை எடுத்தால் டிரேயின் பின்முனையைப் பிடிக்கும் பின் தாங்கியும் கூடவே வரும். பழைய ரெயிலில் பழைய துளைக்குப் பக்கத்திலேயே கால் நூல் (1/32 அங்குலம்) தள்ளி இன்னொரு துளை போட்டால் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து எட்டு வடிவம் ஆகிவிடும். அந்த இடத்தில் நட்பிளேட் (தகட்டில் ரிவெட் அடித்து நிறுத்தும் நட்டு) நிற்காது.

தகடு வேலைக்கு நாலு நாள் வையுங்கள். ரெயிலுக்கும் பின் தாங்கிக்கும் ஒன்றரை, ஆன்டெனா டபுளருக்கு (அடியில் வைக்கும் வலுவூட்டும் தகடு) ஒன்று, ஜிஎம்யூ தாங்கிக்கு அரை, பேனலுக்கு (கருவிப் பலகை) ஒன்று. வயரிங்கில் தப்பு வந்தால் ஒரு பின்னைப் பிடுங்கி மாற்றிச் செருகலாம். ஸ்கின்னில் (விமானத்தின் வெளித்தகட்டில்) தப்பாகப் போட்ட துளையை அப்படி மாற்றிச் செருக முடியாது.

இன்னொன்று. விமானம் எந்தப் பதிவு என்று எழுதவில்லை. 'N' எழுத்துப் பதிவு (அமெரிக்கா) என்றால் எஸ்டிசி (துணை வகைச் சான்றிதழ்) தாளும் மாற்றத்தைப் பதியும் 337 படிவமும். விடி பதிவு (இந்தியா) என்றால் டிஜிசிஏ ஒப்புதல் கையில் வந்த பிறகே டிரில்லைத் தொட வேண்டும். அமெரிக்க எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-2பி நல்ல புத்தகம்தான், ஆனால் அது அழுத்தமூட்டப்படாத பகுதிகளுக்கு மட்டும். உங்கள் 172-க்கு அது பொருந்தும். கேபினில் அழுத்தம் உள்ள விமானத்தில் வேலை செய்கிறவர் இந்த இழையைப் படித்துவிட்டு ஆன்டெனாவுக்குத் துளை போடக் கூடாது. அங்கே ஒவ்வொரு துளைக்கும் பொறியாளர் ஒப்புதல் உள்ள வரைபடம் வேண்டும்.

7 ஜனவரி

ரெயில்.

ரெயில் என்பது முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குல எல் கோணம், 63 தௌ (0.063 அங்குலம்) கனம், 2024-டி3 அலுமினியக் கலவை. பேனலின் பின்பக்கம் செங்குத்தாக இடதும் வலதுமாக இரண்டு. இரண்டுக்கும் நடுவே டிரே. இடைவெளியை 6.25 என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தப்பு. 6.25 முகத்தின் அகலம். டிரேயின் பக்கச் சுவரில் திருகு உட்காரும் இடங்கள் குழிந்து வெளியே புடைத்திருக்கும், அதையும் சேர்த்தால் அகலம் சற்று அதிகம். தாளில் உள்ள அளவை வைத்து ரெயில் போடாதீர்கள். கையில் இருக்கும் டிரேயை வெர்னியர் வைத்து முன்னும் பின்னும் அளந்து அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புடைப்பைக் கவனியுங்கள், முக்கியமான இடம் அது. 6-32 திருகு, எம்எஸ் 24693 வகை, 100 பாகைத் தலை. டிரேயின் உள்ளிருந்து வெளியே போகும். தலை உள்ளே கொஞ்சமும் துருத்தக் கூடாது, துருத்தினால் ரேடியோவின் பக்கத்தைச் சுரண்டும். அதற்காகத்தான் டிரேயில் குழி. அந்தக் குழியின் மறுபக்கப் புடைப்பு போய் உட்கார ரெயிலிலும் 100 பாகையில் ஒரு குழி வேண்டும். ரெயிலில் வெறும் நேர்த்துளை இருந்தால் புடைப்பு அதன் விளிம்பில் முட்டி நிற்கும், டிரே ரெயிலில் ஒட்டாது. அப்போது திருகை முறுக்கினால் டிரேயின் மெல்லிய சுவர் வெளியே இழுபட்டு வயிறு வைக்கும். ரேடியோ உள்ளே ஆட ஆரம்பிக்கும்.

இடைவெளி குறைந்தால் எதிர்மாறு: சுவர் உள்ளே அமுங்கி ரேடியோ பாதி வழியில் நெரியும். நெரிகிறது என்று சிலர் அரம் எடுத்து டிரேயைத் தேய்க்கிறார்கள். தேய்க்காதீர்கள். ஒரு பக்க ரெயிலின் கிளீகோவை (துளையில் மாட்டும் தற்காலிகப் பிடிப்பான்) கழற்றி நகர்த்துங்கள். அதற்காகத்தான் கடைசி வரை ஒரு ரெயிலை ரிவெட் அடிக்காமல் வைக்கச் சொல்கிறேன்.

வரிசை இது. இடது ரெயிலைக் குண்டுநூல் வைத்து நேராக்கி, 40-ஆம் எண் டிரில்லில் துளைத்து கிளீகோ மாட்டுங்கள். டிரேயை இடது ரெயிலில் திருகுங்கள். வலது ரெயிலை டிரேயோடு சேர்த்துத் திருகுங்கள், பேனலோடு அல்ல. இப்போது ரேடியோவை உள்ளே தள்ளிப் பூட்டுங்கள். ரேடியோ உள்ளே இருக்கும்போது டிரே தன் சரியான சதுரத்தில் நிற்கும். அந்த நிலையில் வலது ரெயில் பேனலில் எங்கே உட்காருகிறதோ அங்கே துளை. ரேடியோ இல்லாத வெறும் டிரேயை வைத்துத் துளைத்தால் ஒரு மூலை அரைக்கால் நூல் கோணினாலும் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோவைச் செருகும்போதுதான் தெரியும்.

7 ஜனவரி, சற்று கழித்து

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ரேடியோவை உள்ளே வைத்து டிரில் போடச் சொன்னேன். துளைக்கும் தூள் விசிறி மேல் போகும். விசிறித் துளைகளையும் பின் கனெக்டரையும் டேப் போட்டு மூடிவிட்டுச் செய்யுங்கள். செயலிழந்த 650-இன் வெறும் கூடு எங்காவது கிடைத்தால் அதை வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

9 ஜனவரி

"நூல் என்றால் என்ன, தௌ என்றால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நூல் நம் பட்டறை அளவு, அங்குலத்தில் எட்டில் ஒன்று. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. விமான ரிவெட் கணக்குக்கு நூலைப் போல வசதியான அளவு இல்லை. நாம் அதிகம் அடிக்கும் ஏடி4 ரிவெட் சரியாக ஒரு நூல் விட்டம். மீதிக் கணக்கு தானாக வரும்:

அடித்த பின் உள் தலை ஒன்றரை நூல் அகலம், அரை நூல் உயரம். தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட்டின் மையம் குறைந்தது இரண்டு நூல். ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது மூன்று நூல், நாலு முதல் ஆறு நூல் நல்லது. நீளம் என்றால் தகடுகளின் மொத்தக் கனத்தோடு ஒன்றரை நூல் சேர்க்க வேண்டும். 32 தௌ ஸ்கின், 32 தௌ டபுளர், மொத்தம் 64 தௌ. அதோடு 187 சேர்த்தால் 251. எம்எஸ் 20470 ஏடி 4-4 என்பது 250 தௌ. அதுதான் வேண்டும். எண்ணின் முதல் பாதி விட்டம், அங்குலத்தில் 32-இல் எத்தனை பங்கு என்று. இரண்டாவது பாதி நீளம், 16-இல் எத்தனை பங்கு என்று.

துளை: ஏடி3-க்கு 40-ஆம் எண், ஏடி4-க்கு 30-ஆம் எண், ஏடி5-க்கு 21-ஆம் எண். முதலில் எல்லாவற்றையும் 40-இல் போட்டு வெள்ளி கிளீகோ மாட்டி, பிறகு ஒவ்வொன்றாக 30-க்குத் திறந்து செம்பு நிறக் கிளீகோவுக்கு மாறுங்கள். நேராக 30-இல் ஆரம்பித்தால் டிரில் முனை நடந்துவிடும்.

13 ஜனவரி

ஆன்டெனா. இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காற்று இழுவை பெரிதாக இருக்குமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. ஏசி 43.13-இல் உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 0.000327 பெருக்கல் முகப்பரப்பு சதுர அடியில், பெருக்கல் மணிக்கு மைல் வேகத்தின் வர்க்கம். வந்த விடை பவுண்டில். முகப்பரப்பு பத்தில் ஒரு சதுர அடி, வேகம் 180 மைல் என்றால் 1.06 பவுண்டு, அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஜிபிஎஸ் ஆன்டெனா தட்டையானது, அதற்கு இதைவிடவும் குறைவு. டபுளர் தேவைப்படுவது இழுவைக்காக இல்லை. மெல்லிய ஸ்கின்னில் நடுவே ஒரு பெரிய துளையும் சுற்றி நாலு திருகுத் துளையும் போடுகிறோம். ஸ்கின் அதிரும், நாலு திருகும் அந்த அதிர்வை வாங்கும், துளை ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். வெட்டி எடுத்த உலோகம் சுமந்த பாரத்தை இனி டபுளர் சுமக்கிறது. கூடவே ஆன்டெனாவின் அடி ஆடாமல் ஒரு விறைப்பையும் தருகிறது.

டபுளர் ஸ்கின்னின் கனத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கின் 25 தௌ என்றால் நான் 32 எடுப்பேன். 2024-டி3 ஆல்கிளாட் (தூய அலுமினியம் பூசிய தகடு). மூலைகள் நாலும் நாலு நூல் ஆரத்தில் உருட்டியது. கூர்மூலையை விட்டால் ஸ்கின்னில் அழுத்தம் அங்கேதான் குவியும்.

துளை போடுமுன் உள்ளே பாருங்கள். கூரைத் துணியை இறக்கி, ஸ்ட்ரிங்கர் (நீளவாக்குச் சட்டம்) எங்கே, பல்க்ஹெட் (குறுக்குச் சட்டம்) எங்கே, வயர் எங்கே, கட்டுப்பாட்டுக் கேபிள் எங்கே என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுக் குறியுங்கள். குறிக்கப் பென்சில் கூடாது. கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஈரத்தில் மின்கலம் போல வேலை செய்து கோட்டோடு அரித்துவிடும். ஊசியால் கீறவும் கூடாது, கீறல் விரிசலின் ஆரம்பம். மெல்லிய மார்க்கர் போதும்.

டபுளரை மேஜையிலேயே வெட்டி, வளைத்து, எல்லா ரிவெட் துளைகளையும் 40-இல் போட்டுவிடுங்கள். கூரைக்கு வளைவு உண்டு, அதே வளைவு டபுளருக்கும் முன்பே வர வேண்டும். தட்டையான டபுளரை ரிவெட் இழுத்து வளைக்கட்டும் என்று விட்டால் ஸ்கின் டின் மூடி போல டொக் டொக்கென்று உள்ளே வெளியே அடிக்கும். டபுளரை உள்ளே வைத்து அதன் துளை வழியாக வெளியே துளையுங்கள். எதிர்மூலைகளில் முதலில் கிளீகோ, பிறகு நடுவில், பிறகு மீதி. கழற்றிப் பிசிறு எடுங்கள். பிசிறு எடுப்பது ஒன்று, இரண்டு சுற்று மட்டும். 32 தௌ தகட்டில் ஐந்து சுற்றுச் சுற்றினால் துளை கத்தி விளிம்பாகிவிடும், ரிவெட் பிடிக்க உலோகம் இருக்காது. ரிவெட் அடிப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரத்தை முதலில் அடைத்தால் நடுவில் உப்பும்.

நாலு திருகுக்கும் டபுளரின் உள்பக்கம் நட்பிளேட், கே1000-08 போல, ஏடி3 ரிவெட் இரண்டு வீதம். நட்டு வாஷர் என்று விட்டால் பின்னால் ஆன்டெனா மாற்றுகிறவர் மறுபடி கூரைத் துணியை இறக்க வேண்டும்.

14 ஜனவரி

"ஆன்டெனா அடியில் பெயின்ட் முழுதும் சுரண்ட வேண்டுமா" என்று கேள்வி.

ஆமாம் என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். ஆன்டெனாவைப் பொறுத்தது. சிலவற்றுக்கு அடித்தட்டு முழுதும் ஸ்கின்னைத் தொட வேண்டும். சிலவற்றுக்குக் கேஸ்கெட் நடுவில் இருக்கும், மின் இணைப்பு திருகுகள் வழியாக டபுளருக்குப் போகும். அப்போது சுத்தமாக இருக்க வேண்டியது உள்ளே டபுளரும் நட்பிளேட்டும் சேரும் இடம். இன்ஸ்டாலேஷன் மேனுவலில் எந்த வழி என்று இருக்கும். எந்த வழியானாலும் வெற்று அலுமினியத்தை அப்படியே விடக் கூடாது: அலோடின் (அரிப்புத் தடுக்கும் வேதிப்பூச்சு) பூசி, காய்ந்த பின் சேர்த்து, மில்லிஓம் மீட்டரில் அளக்க வேண்டும். 2.5 மில்லிஓம் என்பது வழக்கமான வரம்பு. அலோடினிலும் இரண்டு வகுப்பு. 1ஏ அரிப்புக்கு அதிகக் காப்பு, 3 மின்தடை குறைவாக வேண்டிய இடத்துக்கு. இணைப்பு முகத்துக்கு 3.

வெளி ஓரத்தில் பாலிசல்ஃபைடு சீலன்ட். குளியலறைச் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். புளிப்பு வாசனை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். காயும்போதே அலுமினியத்தைத் தின்னும்.

14 ஜனவரி, மாலை

டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் பெட்டி) ஆன்டெனாவுக்கும் இதே டபுளர் போதுமா என்று தனிச்செய்தி வந்தது. இங்கேயே சொல்கிறேன். 1090 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஏறக்குறைய 7 செ.மீ. உலோக ஸ்கின் என்றால் ஆன்டெனாவைச் சுற்றி அந்த ஆரம் தானாகவே கிடைத்துவிடும். துணி போர்த்திய விமானத்தில்தான் தனித் தகடு வேண்டும். அதே துணி விமானத்தில் விஎச்எஃப் பேச்சு ஆன்டெனா என்றால் கால் அலை 60 செ.மீ. பக்கம், ஆரைக்கால் போலப் பட்டைகள் விரிக்க வேண்டும்.

18 ஜனவரி

ஜிஎம்யூ 11 தாங்கி. காந்தப்புலம் அளக்கும் பெட்டி அது. அதைச் சுற்றி எஃகு கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், திருகைப் பித்தளையில் வாங்குவார்கள். நட்பிளேட்டை மறந்துவிடுவார்கள். சாதாரண நட்பிளேட் எஃகு, காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் வகை கேட்டு வாங்குங்கள். எம்எஸ் 24693 திருகிலும் பின்னெழுத்தைப் பாருங்கள்: எஸ் என்றால் காட்மியம் பூசிய எஃகு, சி என்றால் ஸ்டெயின்லெஸ். வாங்கிய ஒவ்வொன்றையும் மேஜையில் ஒரு காந்தத்தில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். அந்தக் காந்தத்தை ஜிஎம்யூ பக்கம் கொண்டுபோகாதீர்கள். நுனியில் காந்தம் ஏறிய திருப்புளியும் கூடாது.

தாங்கி விறைப்பாக இருக்க வேண்டும். 40 தௌ தகட்டில் வெறும் தட்டை அலமாரி செய்தால் அது முரசுத் தோல் போல அதிரும். மூன்று பக்கமும் ஒரு விரல் அகலம் மடியுங்கள். மடிப்புக் கணக்கு கேட்டிருந்தீர்கள், இதோ:

40 தௌ 2024-டி3, உள் ஆரம் ஒரு நூல், 90 பாகை. மடிப்பு தின்னும் நீளம் ஒரு பாகைக்கு 0.01743 பெருக்கல் ஆரம், அதோடு 0.0078 பெருக்கல் கனம். 90 பாகைக்கு 0.224 அங்குலம். பின்தள்ளல் ஆரமும் கனமும் சேர்ந்து 0.165. வெளியளவு ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கோணம் வேண்டுமென்றால் இரண்டு கையிலும் 0.835, அதோடு 0.224, ஆக வெட்டும் தகடு 1.894 அங்குலம். இரண்டு அங்குலம் வெட்டினால் ஒரு கை நூறு தௌ நீண்டுவிடும்.

ஆரத்தைக் குறைத்து "கூர்மையாக அழகாக" மடிக்க ஆசைப்படாதீர்கள். டி3 அந்த இடத்தில் வெளிப்பக்கம் மயிரிழையாக விரியும். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும், அதுதான் ஆபத்து. 63 தௌவுக்கு உள் ஆரம் இரண்டு நூல் வையுங்கள். மடிப்புக் கோடு தகட்டின் உருட்டு வரிக்குக் குறுக்காகப் போகட்டும். இரண்டு மடிப்பு சந்திக்கும் மூலையில் முதலில் ஒரு வட்டத் துளை, பிறகு வெட்டு.

19 ஜனவரி

ரிவெட் கன் நுழையாத இடத்தில் செர்ரிமேக்ஸ் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் போடும் ரிவெட்) போடலாமா என்றால், போடலாம், எஸ்டிசி வரைபடம் அனுமதித்தால். சிஆர் 3213 உருண்டைத் தலை. பிடிப்பு அளவை அதற்கான அளவுகோலால் உள்ளே விட்டு அளந்து எடுக்க வேண்டும். கண் மதிப்பு இதில் வேண்டாம். இழுத்த பிறகு பூட்டு வளையம் தலையின் மட்டத்தில் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட் இதற்கு மாற்று அல்ல, அதன் நடுத்தண்டு கழன்று விழும்.

24 ஜனவரி

பேனல்.

ஜி5 பழைய 3 1/8 அங்குல ஓட்டையில் உட்காரும் என்பது உண்மை. ஆனால் அதன் முகம் ஏறக்குறைய சதுரம், உயரம் 3.6 அங்குலம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தால் ஓட்டை மையங்களின் இடைவெளி அதற்கு மேல் இருக்கிறதா என்று அளந்தீர்களா? பக்கத்துக் கருவியின் குமிழும் மேல் விளிம்பின் மடிப்பும் எங்கே என்றும் பாருங்கள். அட்டையில் முகத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புதிதாக ஓட்டை வேண்டுமென்றால் இழுத்து வெட்டும் பஞ்ச் நல்லது, வெட்டு சுத்தமாக வரும். ஃபிளை கட்டர் (ஒற்றைக் கத்தி சுழன்று வட்டம் வெட்டுவது) என்றால் டிரில் பிரஸ்ஸில், மிக மெதுவான சுற்றில், தகட்டை இரண்டு இடத்தில் கவ்வி. கையில் பிடித்த டிரில்லில் ஃபிளை கட்டர் மாட்டக் கூடாது, விரல் போகும். லேசரில் வெட்டி வந்த தகட்டின் ஓரம் சூடேறி நிறம் மாறியிருக்கும், அந்த ஓரத்தை அரத்தால் எடுத்து மணல் தாளால் நீளவாக்கில் மெருகிடுங்கள். வாட்டர்ஜெட் ஓரம் லேசாகச் சரிந்திருக்கும், அதனால் துளைகளைச் சிறிதாக வெட்டச் சொல்லி டிரில்லில் முடியுங்கள்.

டிரே திறப்பின் உள்மூலைகளைச் சதுரமாக விடாதீர்கள். சின்ன ஆரமாவது வேண்டும். விமானம் பறக்கிற ஒவ்வொரு மணியும் அந்த மூலை அதிர்ந்துகொண்டிருக்கும்.

பேனலின் பின்னால் செங்குத்தாக வரும் விறைப்புத் தகடுகளை, "நடுவில் இடிக்கிறது" என்று ஸ்னிப்ஸால் வெட்டிய வேலையைப் பார்த்திருக்கிறேன். அது பேனலைத் தாங்கும் எலும்பு. வெட்ட வேண்டியிருந்தால் வரைபடம் வேண்டும், வெட்டியதற்கு ஈடான உலோகம் சுற்றிப் போக வேண்டும்.

வேண்டாத பழைய ஓட்டையை மூட: அதே கனத்தில் வட்டத் துண்டு, பின்னால் வளைய டபுளர், வட்டத்தில் ஒரு வரிசை, பேனலில் ஒரு வரிசை எம்எஸ் 20426 ஏடி3. வளையம் இரண்டு பக்கமும் நாலு நூல் ஏற வேண்டும், 3 1/8 ஓட்டைக்கு வெளிவிட்டம் 4 1/8. ஏடி3-இன் தலை 36 தௌ ஆழம். பேனல் 63 தௌ என்றால் கவுன்டர்சிங்க் (தலை இறங்கும் சரிவுக் குழி) எடுக்கலாம். 32 தௌ தகட்டில் எடுத்தால் துளை அடிவரை விரிந்து கத்தி விளிம்பாகும், அங்கே டிம்பிள்தான் (தகட்டையே அமுக்கிக் குழிப்பது).

24 ஜனவரி, இரவு

பேனல் வெட்டும்போது அலுமினியத் தூள் பற்றி எழுதவில்லை. அதைக் காந்தம் இழுக்காது. வயர் கட்டுக்குள் போனால் எடுக்க முடியாது, உறையை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் ஈரத் துணி தொங்கவிட்டு, வாக்யூம் குழாயை டிரில்லுக்குப் பக்கத்தில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். ஸ்டாட்டிக் குழாயை (வெளிக் காற்றழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுவரும் குழாய்) கழற்றினால் வாயில் மூடி போடுங்கள், மாட்டிய பிறகு கசிவுச் சோதனை கட்டாயம். யோக்கின் (விமானி பிடிக்கும் கைச்சக்கரம்) சங்கிலியும் பற்சக்கரமும் உள்ள இடத்தைத் தனியாக மூடுங்கள். மூடும்போது கிளீகோக்களை எண்ணுங்கள், எடுத்தது எண்பது என்றால் எண்பதும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

29 ஜனவரி

பின் தாங்கி தேவையா என்று ஒருவர் வாதம் செய்கிறார், "முன்னால் ஆறு திருகு பிடிக்கிறதே" என்று.

டிரே பத்து அங்குலத்துக்கு மேல் நீளம். முன்னால் மட்டும் பிடித்தால் அது சுவரில் அடித்த பலகை. ரேடியோவும் டிரேயும் கனெக்டரும் சேர்ந்து 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிக் கணக்கில் முன்னோக்கி 9 ஜி (எடையைப் போல 9 மடங்கு), மேல்நோக்கி 3, பக்கவாட்டில் 1.5. ஆக முன்னோக்கி 27 கிலோ, மேலே 9, பக்கத்தில் நாலரை. ரெயில் இதைத் தாங்கிவிடும் என்றே எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் பின்முனை குதிக்கும், அந்தக் குதிப்பு முன் திருகின் குழியைத் தின்னும். டிரேயின் முன்மூலையில் விரிசல் வருவது இப்படித்தான். இரண்டு பக்கமும் 40 தௌ கோணம், பின் துளையிலிருந்து பக்கத்து அமைப்புக்கு, போதும். பொருத்திய பிறகு டிரேயில் கயிறு கட்டி ஸ்பிரிங் தராசில் அந்த எடைக்கு இழுத்துப் பாருங்கள். நிரந்தரமாக வளையக் கூடாது.

இதையும் செய்யுங்கள்: டிரேயும் கனெக்டரும் வயரும் எல்லாம் மாட்டிய நிலையில் இரண்டு யோக்கையும் நாலு மூலைக்கும் கடைசி வரை தள்ளி, இழுத்து, திருப்பி. பின் தாங்கியின் கோணமோ கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிள்) வளைவோ யோக் தண்டைத் தொடக் கூடாது. ஒருவர் யோக்கில், ஒருவர் பின்னால் விளக்கோடு.

30 ஜனவரி

திருத்தம். 9 ஜி எல்லா விமானத்துக்கும் ஒன்று என்பது போல எழுதிவிட்டேன். பின்னால் வந்த சான்றிதழ் அடிப்படையில், கேபினுக்குள் ஆட்களைக் காயப்படுத்தக்கூடிய பொருளுக்கு முன்னோக்கி 18, பக்கவாட்டில் 4.5 என்று உயர்த்தினார்கள். உங்கள் விமானத்தின் டைப் சர்டிஃபிகேட் தாளில் எந்த விதி என்று இருக்கும். பழைய 172-க்கு பழைய எண்ணே பொருந்தும். புது எண்ணுக்குச் செய்தாலும் கூடுவது ஒரு கோணமும் நாலு ரிவெட்டும்தான்.

11 பிப்ரவரி – கேள்வி கேட்டவர்

எல்லாம் முடிந்தது. தகடு வேலை ஐந்து நாள் ஆனது. ரெயில் சதுரம், பின் தாங்கி இழுத்துப் பார்த்தோம், யோக் சுதந்திரம். பேனல் மேல் பிளாஸ்டிக் உறையும் மாட்டிவிட்டோம். 650 உள்ளே போகிறது, சாவி திரும்புகிறது, திரை எரிகிறது. ஆனால் ஓடும்போது சில நேரம் ஜி5-க்குத் தகவல் விட்டுவிட்டு வருகிறது. வயரிங்கை மூன்று முறை பார்த்துவிட்டோம்.

11 பிப்ரவரி, இரவு

வயரிங்கை விடுங்கள். பிளாஸ்டிக் உறை எப்போது மாட்டினீர்கள்? டிரேயைத் துளைத்த பிறகுதானே? உறையின் கனம் என்ன?

12 பிப்ரவரி

60 தௌ என்கிறீர்கள். அப்படியானால் இதுதான்: டிரேயின் முன் விளிம்பை உலோகப் பேனலோடு மட்டமாக வைத்துத் துளைத்தீர்கள். அதன் மேல் உறை வந்ததும் ரேடியோவின் முகம் உலோகத்தில் முட்டாமல் பிளாஸ்டிக்கில் முட்டுகிறது. பின்னால் கனெக்டர் 60 தௌ குறைவாக நுழைகிறது. பின்கள் தொடுகின்றன, அதனால் திரை எரிகிறது. ஆனால் முழுதாகக் கவ்வவில்லை, அதிர்வில் விடுகிறது. சாவி திரும்புவது நம்பத்தக்க சோதனை அல்ல, பூட்டும் பல் பிளாஸ்டிக்கை அமுக்கிக்கொண்டு திரும்பும்.

முகத்தைச் சுற்றி ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நாலு பக்கமும் தாள் நுழையாமல் பிளாஸ்டிக்கோடு இறுகியிருந்தால் அதுதான் காரணம்.

ரெயிலைத் தொடாதீர்கள். 60 தௌ நகர்த்தப் புதுத்துளை போட்டால் பழையதில் கலக்கும், முதல் நாள் எழுதியது போலவே. உறையைக் கழற்றி, ரேடியோ முகம் முழுதும் உள்ளே இறங்கும்படி திறப்பைப் பெரிதாக்குங்கள்: அகலம் 6.28, உயரம் 2.68, மூலையில் சின்ன ஆரம், ஓரத்தை அரத்தால். பிறகு உறை இல்லாமல் முதலில் பூட்டுங்கள், 3/32 சாவியில் கடிகார திசையில், நின்ற இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். அந்த நிலையில் முகத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளியை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். கழற்றி, உறையை மாட்டி, மறுபடி பூட்டி, அதே நாலு மூலை. எண்கள் நாலும் முன்பு இருந்ததே வந்தால் கனெக்டர் முழுதாக நுழைந்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கூடினால் அந்தப் பக்கம் உறை இன்னும் இடிக்கிறது, அங்கே மட்டும் இன்னொரு இழுப்பு அரம் போடுங்கள்.